எட்டுப் போட்டாச்சு, அப்புறம்?

(கல்லூரி முதலாமாண்டு மாணவர்களுக்கான சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போட்டுவிட்டீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

பாதிக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. நல்லது, இறக்கிக்கொள்ளலாம். இப்போது இன்னொரு கேள்வி. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். குறுக்கே ஒரு மாடு வந்துவிட்டது. உங்கள் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்று ஏதாவது ஒரு மைதானத்தில் ஓட்டிப் பார்த்து அளந்தவர்கள் யார் யார்? மூன்று கைகள். அதிலும் ஒன்று சந்தேகத்தோடு பாதி உயரத்தில் நிற்கிறது.

எட்டுப் போடுவது ஆள் நடக்கிற வேகத்தில். அந்த வேகத்தில் விழுந்தால் முட்டி சிராய்க்கும், பேன்ட் கிழியும், பக்கத்தில் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதோடு சரி. உயிர் போகிற வேகம் வேறு. அந்த வேகத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்று நம் ஊரில் யாரும் சோதிப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: லைசென்ஸ் வாங்குவது ஒரு வேலை, ஓட்டக் கற்பது வேறொரு வேலை. முதலாவது முடிந்ததும் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சாலையில் நடக்கிற பல துக்கங்களுக்கு அங்கேதான் தொடக்கம்.

எண்களை அடுக்கி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து மூன்றே விவரம். அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். மாநிலங்களில் அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில், 64,105. நம் காவல்துறை ஒழுங்காகப் பதிவு செய்வதால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்று வாதம் செய்வோர் உண்டு. இருக்கலாம். செத்தவர்கள் செத்தவர்கள்தானே.

முதலில் லைசென்ஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் குழப்பங்கள் நிறைய.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வண்டிகளை இரண்டாகத்தான் பிரிக்கிறது: கியர் இல்லாதது, கியர் உள்ளது. ஸ்கூட்டரில் எட்டுப் போட்டால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ். பைக்கில் போட்டால் கியர் வண்டிக்கு. கியர் வண்டிக்கு வாங்கியவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொள்ளலாம். ஸ்கூட்டருக்கு மட்டும் வாங்கியவர் அண்ணன் பைக்கைத் தொட்டால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அவரிடம் லைசென்ஸே இல்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த அட்டையைத்தான். மின்சார ஸ்கூட்டருக்கும் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் வேண்டும். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட சின்ன வண்டிகளுக்கு மட்டும்தான் விலக்கு. கடைக்காரர் "இதுக்கு லைசென்ஸே வேணாம் சார்" என்று சொன்னால் அந்த இரண்டு எண்ணையும் பில்லிலும் வண்டியின் காகிதங்களிலும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

பதினாறு வயதில் ஓட்டலாமாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். ஓட்டலாம். இயந்திரம் 50 சிசிக்கு மிகாத வண்டியாக இருந்தால். இந்த விதிக்குப் பொருத்தமான வண்டி ஒரு காலத்தில் நம் ஓசூரில்தான் பிறந்தது. 1980இல் வந்த டிவிஎஸ் 50. பால்காரர், காய்கறிக்காரர், வாத்தியார் எல்லோரும் அதில்தான் போனார்கள். அதன் வாரிசாக இன்று தெருவில் ஓடுகிற எக்ஸ்எல் 100இன் இயந்திரம் 99.7 சிசி. பார்க்க அதே எளிய மொபெட்தான். சட்டத்தின் கண்ணில் பதினெட்டு வயதுக்காரர் ஓட்ட வேண்டிய வண்டி. ஆக, விதி இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, விதிக்கு ஏற்ற வண்டி கடையில் கிட்டத்தட்ட இல்லை. டியூஷனுக்குப் போக "சின்ன வண்டிதானே" என்று பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற அப்பாக்களுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்கள் தம்பி தங்கைகள் வீட்டில் இருப்பார்கள், போய்ச் சொல்லுங்கள்.

எந்த லைசென்ஸ் எடுப்பது? என் கருத்து: ஒரு மாதம் கியர் வண்டி இரவல் கிடைக்கும் என்றால் கியர் வண்டிக்கே எடுங்கள். பின்னால் சேர்ப்பதென்றால் மறுபடி எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்), மறுபடி தேர்வு, மறுபடி ஒரு நாள் லீவு. இதை முக்கியமாகத் தங்கைகளுக்குச் சொல்கிறேன். "பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டி லைசென்ஸ் போதும்" என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். போதுமா போதாதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதே சமயம், வாழ்நாளில் கியர் வண்டி ஓட்டப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவர், கிளட்சோடு மல்லுக்கட்டி மூன்று மாதத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்த மூன்று மாதத்தில் ஸ்கூட்டரை நன்றாகவே கற்றுவிடலாம். கை கால் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்களுக்காக மாற்றியமைக்கப்பட்ட வண்டி என்று தனி வகை இருக்கிறது. பக்கச் சக்கரம் பொருத்தினால் அந்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிவிட வேண்டும்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்த தேதியிலிருந்து முப்பது நாள் கழித்துத்தான் எட்டுப் போடப் போகலாம். அந்த முப்பது நாளை நாம் காத்திருப்பாக நினைக்கிறோம். பழகுவதற்காக விட்டிருக்கிற நாட்கள் அவை. பழகும்போது வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பில் 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. கூடவே லைசென்ஸ் உள்ள ஒருவர் பயிற்றுநராக வண்டியில் இருக்க வேண்டும், அவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாம் விதி. பின்சீட்டில் இருப்பவர் எப்படி பிரேக் பிடிப்பார் என்பதை விதியை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேலி செய்துவிட்டு விட்டுவிட முடியாது. இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துப் பாருங்கள்: எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் அந்த மூன்றாம் விதிப்படி நடந்துகொண்டால்தான் அவரை ஓட்டுநராகவே அது ஏற்கிறது. எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு தனியாக, அல்லது நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர் அதை மீறுகிறார்.

இனி எட்டுக்கு வருவோம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் பதினைந்தாம் விதியைத் தேடிப் படியுங்கள். ஓட்டுநர் தேர்வில் விண்ணப்பதாரர் எதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் அங்கே இருக்கிறது. கண்ணாடியைச் சரி செய்வது, மேட்டில் பின்னோக்கி உருளாமல் வண்டியைக் கிளப்புவது, பாதுகாப்பாக முந்துவது, முந்த வருகிறவருக்கு வழிவிடுவது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறை, அவசரத்தில் நிறுத்துவது. படிக்கும்போது எனக்கு மரியாதையாகவே இருந்தது. உலகத்தில் எந்த நாட்டுத் தேர்வுக்கும் சளைத்த பட்டியல் இல்லை அது. அந்தப் பட்டியல் காகிதத்திலிருந்து நம் மைதானத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் மிஞ்சுவது ஒரு எட்டு. தேர்வு நடத்த ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர், காலை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய நீண்ட வரிசை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு சுலபமாகப் பார்த்துவிடக்கூடியது: கால் ஊன்றினாயா, ஊன்றவில்லையா. ஊன்றாவிட்டால் பாஸ்.

எட்டே வீண் என்று நான் சொல்லவில்லை. ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே மெதுவாகப் போவது, போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது, இவையெல்லாம் அதில் இருக்கின்றன. தி.நகர் நெரிசலில் தினமும் உதவும். ஆனால் எட்டு உங்கள் கைக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத்தருகிறது: வலது பக்கம் போக வேண்டுமானால் ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பு. நடக்கிற வேகத்தில் அது சரி. முப்பது, நாற்பது கிலோமீட்டரைத் தாண்டிய ஒரு வண்டி அப்படித் திரும்புவதில்லை. வலது பக்கம் போக, வலது கைப்பிடியை லேசாக முன்னோக்கித் தள்ள வேண்டும். ஒரு கணம் முன்சக்கரம் இடப்பக்கம் போகும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் வண்டி திரும்பும். கேட்டால் நம்ப முடியாது. நீங்கள் எல்லோரும் தினமும் அதைத்தான் செய்கிறீர்கள், தெரியாமல் செய்கிறீர்கள். நெளிந்து நெளிந்து சாதாரணமாகப் போகும்போது தெரியாமல் செய்தால் பரவாயில்லை. திடீரென்று எதிரே ஒரு கார் திரும்பி நிற்கும்போது, பயந்த கை எட்டில் கற்ற பாடத்தைச் செய்யும். வலது பக்கம் விலக நினைத்து ஹேண்டிலை வலப்பக்கம் இழுப்பீர்கள். வண்டி இடது பக்கம், நேராக அந்தக் காரை நோக்கிச் சாயும்.

இன்னொன்று பிரேக். நம் வீட்டுப் பெரியவர்கள் வண்டி கற்றுத்தரும்போது சொல்கிற முதல் வாக்கியம் என்ன? "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுடும்." சொல்லாத வீடு உண்டா? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மணல் மேல், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வழுக்கித் தள்ளும். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு ஆபத்தானது. வண்டி நிற்கத் தொடங்கியதும் பாரம் முழுக்க முன்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். மாட்டைப் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்குக்குப் போவதற்கு ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். 14 மீட்டர் போய்விட்டது, வேகம் சிறிதும் குறையவில்லை. காய்ந்த நல்ல தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் மேலும் 14 மீட்டரில் நின்றுவிடுவார். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். முன்னவர் நின்று கால் ஊன்றிய அதே இடத்தை, பின்னவர் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பார். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே மாடு. ஒருவர் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் அது கட்டாயம். அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் இணைக்கிற சி.பி.எஸ். போதும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டாமல் காக்கும். பிரேக்கை அழுத்துகிற வேலையை அது செய்யாது. அழுத்தப் பயப்படுகிற விரலுக்கு எந்தக் கருவியாலும் உதவ முடியாது.

இதெல்லாம் இன்று நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. 1970களின் நடுவில் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவும் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 1981இல் அறிக்கை வந்தது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். ஆபத்தை உணர்ந்ததிலிருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடியில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. கைப்பிடியைத் தள்ளி விலகுகிற திறமை ஏறக்குறைய யாரிடமும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதிய அறிக்கை. நம் ஓ.எம்.ஆர். சாலையைப் பற்றி எழுதியதுபோலவே இருக்கிறது.

இந்த 92 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, பயிற்சிக்குப் போனால் விபத்தே நடக்காது என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. அவர்களை நம்பாதீர்கள். விபத்தில் சிக்காதவர்களிலும் பெரும்பாலோர் தாமாகக் கற்றவர்கள்தான். பயிற்சியால் விபத்து எவ்வளவு குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2010இல் வந்தது. இருக்கிற ஆய்வுகளின் தரத்தை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று அது கையை விரித்தது. பயிற்சி பெற்றவர் சில சமயம் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று கூடுதல் வேகத்தில் போகிறார் என்பதும் இந்தத் துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த தொல்லை. ஆகவே எந்தப் பயிற்சி என்பதுதான் கேள்வி.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் விடை கொஞ்சம் புலப்படும். பிரிட்டனில் 1990இலிருந்து ஒரு ஏற்பாடு: கட்டாய அடிப்படைப் பயிற்சி. அதை முடிக்காமல் எல் பலகையோடுகூடச் சாலைக்கு வர முடியாது. முதலில் மூடிய திடலில் பழக வேண்டும். அப்புறம் குறைந்தது இரண்டு மணி நேரம் உண்மையான சாலையில். பயிற்றுநர் பின்னால் தனி வண்டியில் வந்தபடி ரேடியோவில் பேசுவார். சாலையில் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு மாணவர்களுக்கு மேல் கூடாது. அதை முடித்தவர் 125 சிசி வரை ஓட்டலாம். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, மோட்டார்வேயில் ஏறக் கூடாது. இரண்டு ஆண்டுக்குள் முழுத் தேர்வில் தேறாவிட்டால் மறுபடி அதே பயிற்சி. முழுத் தேர்வின் முதல் பகுதியிலும் எட்டு உண்டு! எட்டோடு நிற்காமல், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அவசரமாக நிறுத்திக் காட்டவும், அதே வேகத்தில் ஒரு தடையை விலகிப் போகவும் சொல்வார்கள். நான் இதுவரை சொன்ன இரண்டும் அங்கே தேர்வுத்தாளிலேயே இருக்கின்றன.

சிங்கப்பூர் நமக்குப் பக்கம். அங்கே ஓட்டுகிற தமிழர்களைக் கேட்டால் '2பி' என்பார்கள்: 200 சிசி வரை. அதை ஓராண்டு வைத்திருந்தால்தான் 400 சிசி வரையிலான 2ஏவுக்குப் போகலாம். அதில் இன்னோர் ஆண்டு கழித்து அதற்கு மேற்பட்டவை. சித்தப்பா கற்றுக்கொடுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோட்டார் சைக்கிளைப் பயிற்சிப் பள்ளியில்தான் கற்க வேண்டும். தேர்வுத் திடலில் ஒடுக்கமான பலகை மேல் ஓட்டுவது, கூம்புகளுக்கு நடுவே வளைவது, சட்டென்று நிறுத்துவது எல்லாம் உண்டு. லைசென்ஸ் கிடைத்த பின்னும் ஓராண்டு புதியவர் என்ற அடையாளப் பலகையோடுதான் ஓட்ட வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. சென்னைக்கு அருகே ராயல் என்ஃபீல்டின் ஆலைகளில் தயாராகிற 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியின் திறன் சுமார் 47 குதிரைத்திறன். அதாவது 35 கிலோவாட். பிரிட்டனில் இரண்டாம் படி லைசென்ஸுக்கு வைத்திருக்கிற உச்ச வரம்பும் சரியாக அதே 35 கிலோவாட். அந்த நாட்டில் இதை ஓட்ட ஒருவருக்கு 19 வயதாகியிருக்க வேண்டும், பெரிய வண்டியிலேயே ஓட்டிக் காட்டித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்த வண்டி பிறந்த ஊரில், இன்று காலை 100 சிசி வண்டியில் எட்டுப் போட்ட பதினெட்டு வயதுப் பையன் லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலேயே அதை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போகலாம். 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை. சட்டம் அவனைத் தடுக்காது. அப்பாவிடம் பணம் இல்லாதது மட்டும்தான் தடுக்கும்.

சட்டம் படி கட்டித் தரவில்லை என்றால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு 100லிருந்து 125 சிசிக்குள் ஒரு வண்டி. இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும், விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிய வேண்டும். இந்த இரண்டையும் ஷோரூமிலேயே சோதித்துவிடலாம். தூக்கிப் பார்ப்பதற்கு மட்டும் விற்பனையாளர் சம்மதிக்க மாட்டார், பழைய வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள்.

பயிற்சிப் பள்ளி விஷயம். நம் ஊர் டிரைவிங் ஸ்கூல்கள் பெரும்பாலும் காருக்கானவை. இருசக்கர வண்டிக்கு என்று போனால் பல இடங்களில் எட்டு வரைந்த இடத்தில் ஒரு வாரம் சுற்றவிட்டு, தேர்வு நாளில் வண்டியையும் கொடுத்து அனுப்புவார்கள். அது தேர்வுக்கான டியூஷன். சென்னை, கோவை போன்ற ஊர்களில் பெண்கள் பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுத்தருகிறார்கள், வீட்டு வாசலுக்கே வந்து. அவர்களில் பொறுமைசாலிகள் நிறைய. நாற்பது வயதில் முதல் முறை வண்டியைத் தொடுகிற அக்காமார்களை மூன்று வாரத்தில் மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போக வைத்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் நடக்கிற மாதிரியான வேகப் பயிற்சிகள். நல்லவைதான், ஆனால் புதியவருக்கு உரியவை அல்ல. அங்கே எதிரே ஷேர் ஆட்டோ வராது.

எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தப் பழக்குவீர்களா? உண்மையான சாலைக்கு அழைத்துப்போய், எங்கிருந்து ஆபத்து வரும் என்று காட்டித் தருவீர்களா? பயிற்றுநர் எனக்குப் பின்னால் தனி வண்டியில் வருவாரா, மரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருப்பாரா? மூன்றாவது கேள்விக்குக் கோபம் வந்தால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். அப்படி ஒரு பள்ளியும் ஊரில் இல்லையென்றால் சித்தப்பாவே போதும், ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு பாடத்திட்டம் கொடுங்கள். காலியான மைதானம், ஞாயிற்றுக்கிழமை காலை, சுண்ணாம்புக் கோடு ஒன்று. இருபது கிலோமீட்டரில் வந்து கோட்டில் பிரேக் தொடங்குங்கள்: ஹேண்டில் நேராக, கண் தொலைவில், இரண்டு பிரேக்கும் சேர்ந்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி படிப்படியாக அழுத்தி. நின்ற இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கை பழகிய பிறகு முப்பது, அதற்குப் பிறகு நாற்பது. ஒரே நாளில் இல்லை.

மைதானம் கற்றுத்தராதது கண். ஹர்ட்டின் அறிக்கையில் அதிகம் வந்த விபத்து, எதிரே வந்த கார் மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பியது. அமெரிக்காவில் அது இடப்பக்கத் திருப்பம். இடது பக்கம் ஓட்டுகிற நமக்கு அது எதிரிலிருந்து வந்து வலப்பக்கம் திரும்புகிற வண்டி. ஒவ்வொரு நாற்சந்தியிலும் எதிரே வலது இண்டிகேட்டர் போட்டிருக்கிறவர் உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற புது வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு எரிவது இதற்காகத்தான். தெருவில் போகிறவர்கள் விரலை மடக்கி விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டுவார்களே, அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அப்புறம், நிற்கிற பேருந்துக்கு முன்னாலிருந்து குழந்தை வரும். வளைவின் ஓரத்தில் மணல் கிடக்கும். முதல் மழை பெய்த கால் மணி நேரம் சாலையில் எண்ணெய் மிதக்கும், வெள்ளைக் கோடுகள் வழுக்கும். இவற்றை வரும் முன்பே எதிர்பார்க்கிற பழக்கம், நன்றாகக் கற்றவரோடு சேர்ந்து ஓட்டினால்தான் தொற்றும்.

ஹெல்மெட்டைப் பற்றி உங்கள் முதல்வர் ஏற்கெனவே பேசிவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: உள்ளே ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாதது ஹெல்மெட் ஆகாது, சாலையோரத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். கன்னத்தையும் தாடையையும் மூடுகிறதை வாங்குங்கள், பட்டையைப் போடுங்கள். அதே 2022இல் ஹெல்மெட் இல்லாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர் என்று முதலில் சொன்ன அமைச்சக அறிக்கை சொல்கிறது.

லைசென்ஸ் வந்த முதல் சில மாதங்களில் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். நம் சட்டம் அனுமதிக்கிறது. பிரிட்டனில் கற்பவருக்கு ஏன் அனுமதிப்பதில்லை என்று யோசியுங்கள். அறுபது கிலோ ஆள் பின்னால் ஏறியதும் வண்டியின் நிற்கும் தூரம், சாயும் விதம், வளைவில் போகும் பாதை எல்லாம் மாறிவிடுகின்றன. முதலில் தனியாகப் போகிற வண்டி உங்களுக்குப் பழகட்டும். அதன் பிறகு ஏற்றுகிறவருக்கும் ஹெல்மெட், அவருடைய புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்துக்குப் போகாதபடி முடிச்சு. வண்டியை விட்டு எப்போது இறங்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவராக இறங்க வேண்டாம்.

கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், சாப்பாட்டு இடைவேளைக்குள் பதில் சொல்கிறேன். மூன்று மணிக்குப் பின்பக்க மைதானத்தில் கோடு போட்டு வைத்திருப்போம். வண்டியோடு வரலாம். ஹெல்மெட், முழுக்கை, ஷூ. டயரில் காற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். செருப்போடு வருகிறவர்கள் டேப்பைப் பிடித்து மற்றவர்களின் தூரத்தை அளந்து தரலாம், ஓட்ட முடியாது. முதலில் அந்த மூன்று கைக்காரர்கள் ஓட்டட்டும். பாதி கை தூக்கிய தம்பி, நீங்களும்தான்.